கடையில் வாங்கின ப்ராஜெக்ட்

போன ஞாயித்துக்கிழமை விஜயபுரத்துக்குப் போன் போட்டேன். அக்கா பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். "ப்ராஜெக்ட் என்னடா ஆச்சு?"ன்னு கேட்டேன். "முடிஞ்சுது மாமா. நாலு பேரு பணம் போட்டு சென்னையில ஒரு கடையில வாங்கிட்டோம். ரிப்போர்ட்டும் அவங்களே பைண்ட் பண்ணிக் குடுத்துட்டாங்க"ன்னான்.

தலைப்பு என்னவாம்? 'சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு'. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. பக்கத்து நகரியில் சாயப்பட்டறை, அந்தத் தண்ணி போய்ச் சேரும் குசஸ்தலை ஆறு. இவன் கடைக்குப் போயிருக்கிறான்!

ஆனால் தப்பு பையனுடையது மட்டும் இல்லை. தலைப்பைக் கொடுத்தால் கட்டுரைதான் வரும். கட்டுரை கடையில் கிடைக்கும். கேள்வியைக் கொடுத்திருக்க வேண்டும்.

1969-ல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் பாடத்துக்கு முன்னால் நோயாளியின் பிரச்சினையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 1974-ல் தொடங்கிய டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் அதே வழியை இன்ஜினியரிங்குக்கும் கொண்டு வந்தது. இங்கே சிங்கப்பூரில் 2002-ல் ஆரம்பித்த ரிபப்ளிக் பாலிடெக்னிக், 'ஒரு நாள், ஒரு பிரச்சினை' என்பதையே பாடமுறையாக வைத்துப் பேர் வாங்கியது.

முறை நல்லதுதான். ஆனால் கேள்வி சொத்தையாக இருந்தால் எந்த முறையும் உதவாது.

பி.காம் படித்த பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் வட்டிக் கணக்கு காலேஜில் படித்தேன். கடன் கொடுக்கக் கற்றுக்கொண்டது ஃபைலில்தான். பாதிப் பேப்பர் இருக்காது. ஆள் சொல்வது ஒன்று, பேலன்ஸ் ஷீட் சொல்வது ஒன்று. சாயந்தரத்துக்குள் உண்டா இல்லையா என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அதே மாதிரி கேட்டுப் பாருங்கள் (எண்கள் என் கற்பனை): "நூலுக்குச் சாயம் போடும் ஒரு சின்னப் பட்டறை. தினம் 10,000 லிட்டர் கழிவுத்தண்ணி. 3 சென்ட் இடம், கையில் 5 லட்சம் ரூபாய். முதலாளிக்கு என்ன சொல்வாய்?"

இப்போது பையன் மாட்டினான்! சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் நிறம் போகும், சேறு மிஞ்சும். சாயம் பிடிக்கப் போட்ட உப்பு போகாது. ஆர்.ஓ. வைத்தால் நல்ல தண்ணி கிடைக்கும், உப்புத்தண்ணி மிஞ்சும். அதைக் காய்ச்சி வற்ற வைக்க எரிபொருள் செலவு. கடைசியில் உப்பை எங்கே கொட்டுவது? ஒவ்வொரு விடையும் அடுத்த பாடத்துக்கு இழுத்துப் போகிறது. எந்த வாத்தியாரும் "ஆஸ்மாசிஸ் படி" என்று சொல்லத் தேவையில்லை.

நல்ல கேள்விக்கு என் கணக்கில் நாலு லட்சணம்: அதற்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். விவரம் கொஞ்சம் குறைய வேண்டும், நேரில் போய்க் கேட்டால் கிடைக்க வேண்டும். எந்தப் பாடத்தில் போய் முட்டும் என்று வாத்தியாருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கடைசியில் செலவோடு ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

விளையாட்டில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நொய்யலும் கெட்டிருந்தது, வேலை போனவர்கள் வீட்டு அடுப்பும் அணைந்தது. விடை தெரிந்த இன்ஜினியர் அங்கே எத்தனை பேருக்குச் சோறு போட்டிருப்பான்!

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு ஃபீஸ் அனுப்புகிற நம்மாட்களுக்கு ஒன்று. அடுத்த தடவை போனில் மார்க்கை விடுங்கள். "உனக்கு என்ன கேள்வி கொடுத்தாங்க?"ன்னு கேளுங்கள்.

அக்கா பையனிடம் சாயப்பட்டறைக் கேள்வியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாமா, உப்பு எவ்வளவு போடுறாங்கன்னு நாளைக்கு நகரி போய்க் கேட்டுட்டு வரேன்"ன்னான்.