வில்லுக்கத்தி என்றே பில் எழுதுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை ஒரு வில்லுக்கத்தி வாங்கினேன். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த ஊரில் ஒரு முஸ்லிம் வாத்தியார் கத்தி வாங்கினால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தரம் எட்டில் என்னிடம் கணிதம் படித்த பிள்ளை ஒருவர் இப்போது இராணுவத்தில் சாரதியாக இருக்கிறார். ஐ.நா. அமைதிப்படையில் லெபனான் போகிறார். ஸலாம் சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தார்.

"சேர், துஆச் செய்ங்க."

"செய்றன் மகன். போற பயணத்துக்கு என்ன வாங்கித் தாற, சொல்லுங்க."

"ஒண்டும் வேணாம் சேர்."

நான் விடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வில்லுக்கத்தி ஒண்டு இரிந்தா உதவும் சேர். கயிறு வெட்ட, பெட்டி உடைக்க, பழம் சீவ." சொல்லி வாய் மூடவில்லை, உடனே சிரித்துக்கொண்டு, "இல்ல சேர், விடுங்க. நீங்க கத்தி வாங்கப் போய் ஆக்கள் ஒண்டு கிடக்க ஒண்டு கதைப்பாங்க" என்றார்.

நாட்டின் சீருடை போட்ட பிள்ளை. துவக்கோடு காவல் நிற்கிறவர். தன் வாத்தியார் தனக்கு மூன்று அங்குலக் கத்தி வாங்குவதற்கு அவர் பயப்படுகிறார். அன்று இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

பாடசாலையில் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். "தொழுகைப் பாய் குடுங்களன்" என்றார் ஒருவர். "மணிக்கூடு நல்லம்" என்றார் இன்னொருவர். "காசா குடுத்தா பிரச்சினையே இல்ல" என்றார் மூன்றாமவர். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஏற்கனவே மூன்று தொழுகைப் பாய் இருக்கிறது. மூன்று பேருமே என்னைக் கத்தியிலிருந்து காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. காரணம் சொல்கிறேன்.

என் வாப்பாவிடம் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. மாட்டுக் கொம்பில் பிடி. பாக்கு சீவுவது, சாக்கு நூல் அறுப்பது, எனக்கு பென்சில் கூராக்குவது எல்லாம் அதில்தான். அவர் மௌத்தான பிறகு உம்மா அதைத் தன் தைலாப் பெட்டிக்குள் வைத்திருந்தார். 2019 ஏப்ரல் 21 வந்தது. அதற்குப் பின் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் நடந்ததை இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. நாம் ஊரடங்குக்குள் கிடந்த நாட்கள் அவை. மே மாதத் தொடக்கத்தில், வாள், பெரிய கத்திகள், இராணுவ உடையைப் போன்ற உடைகள் இருந்தால் பொலிஸில் ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தார்கள். அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் அந்த விலக்கைக் காதில் வாங்கும் நிலையில் நம் வீடுகள் இருக்கவில்லை.

ஒரு சுபஹுக்குப் பிறகு உம்மா அந்தக் கத்தியைப் பழைய துணியில் சுற்றி என் கையில் தந்தார். "கடலுக்குள்ள போட்டுட்டு வா மனெ" என்றார். நான் போய்ப் போட்டேன். யாரும் கேட்கவில்லை, யாரும் வந்து பறிக்கவில்லை. பாக்கு சீவுகிற கத்தியை நானே என் கையால் எறிந்தேன். அன்று என்னைப் போல எத்தனை பேர் கிணற்றிலும் களப்பிலும் கடலிலும் போட்டீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பயங்கரவாதிகளுக்கு எதிராக நம் ஊர் நின்ற விதமும் உலகத்துக்குத் தெரியும். சாய்ந்தமருதில் புதிதாக வந்து குடியிருந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் நம் ஆட்கள்தான். அப்படி நின்றவர்கள், அடுத்த நாளே தங்கள் வீட்டுக் கத்தியைப் பார்த்துத் தாங்களே பயந்தார்கள். அந்தப் பயம் அந்த நேரத்துக்கு நியாயம். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து.

இனிக் கத்திக்கு வருவோம். சிப்பாய்க்கு மடக்குக் கத்தி கொடுப்பது சண்டைக்கு என்று நினைப்பவர்கள் சுவிட்சர்லாந்தின் கதையைக் கேட்க வேண்டும். அந்த நாட்டு இராணுவம் 1891இல் தன் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி வழங்கத் தொடங்கியது. அதில் ஓர் அலகு, ஒரு துளைக்கும் ஊசி, ஒரு டின் கட்டர், ஒரு ஸ்குரூ ட்ரைவர். டின் சாப்பாட்டைத் திறக்கவும் புதிய துவக்கின் ஆணிகளைக் கழற்றவும்தான் அது. கார்ல் எல்செனர் என்ற கத்தித் தொழிலாளி அதை உள்நாட்டிலேயே செய்யப் பாடுபட்டார். 1909இல் அவருடைய தாய் விக்டோரியா இறந்ததும் தாயின் பெயரையே தன் கத்திகளுக்கு வைத்தார். பிறகு துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து 'விக்டோரினொக்ஸ்' ஆனது. இன்று உலகம் முழுக்கச் சட்டைப் பையில் போகிற சிவப்புக் கத்தி அதுதான்.

என் மருமகன் இணையத்தில் ஒரு கத்தி காட்டினான். கறுப்பு நிறம், வாள் போல வளைவு, ஒரு பக்கம் அரம் போல் பல்லு. "இதுதான் மாமா ஆமிக்காரனுக்குச் சரி" என்றான். படத்தில் நடிப்பவனுக்குச் சரி மகனே, வேலை செய்கிறவனுக்குச் சரிவராது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மகனுக்கோ, மீன்பிடிக்குப் போகும் தம்பிக்கோ, வயலுக்குப் போகும் மச்சானுக்கோ வாங்கும்போது உதவும்.

அலகு மூன்று அங்குலத்துக்குள் போதும். அதற்கு மேல் நீண்டால் பையில் பாரம், பார்ப்பவருக்கும் சந்தேகம்.

பட்டனை அமத்தினால் பாய்ந்து திறக்கிற கத்தி வேண்டாம். பல நாடுகளில் அதற்குத் தடை. கையால் இழுத்துத் திறப்பதே நல்லது.

திறந்த அலகுக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நம் பழைய வில்லுக்கத்தியில் முதுகில் உள்ள வில்தான் அலகைப் பிடித்து நிற்கும், பூட்டு இல்லை. சீவுகிற வேலைக்கு அது போதும். ஆனால் நுனியால் குத்தி அழுத்தும்போது அலகு திரும்பி விரலில் மடங்கலாம். பிரான்ஸில் 1890 முதல் வருகிற ஒப்பினெல் என்ற மரப்பிடிக் கத்திக்கு 1955இல்தான் திருகுகிற வளையப் பூட்டு வைத்தார்கள். விரல் போன பிறகு வருகிற அறிவை விட அந்த வளையம் மலிவு.

உருக்கைப் பாருங்கள். கார்பன் உருக்கு லேசாகக் கூராகும், ஆனால் துருப்பிடிக்கும். கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்று கல்முனைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை போகும் நாக்கூராவும் கடற்கரை ஊர்தான். அதனால் துருப்பிடிக்காத உருக்கே சரி.

பிடி சிவப்பு அல்லது மஞ்சள் நிறமாக இருக்கட்டும். மணலில் விழுந்தால் கண்ணில் படும். கறுப்பு தொலைந்துபோகும்.

கடையிலேயே திறந்து அலகை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வாங்க வேண்டாம். பிரபலமான பெயர் போட்ட போலிகள் சந்தையில் ஏராளம்.

விமானத்தில் போகிறவர் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்குக்குப் போடும் பெட்டியில் வைக்க வேண்டும். இராணுவத்தில் இருப்பவர் தன் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். குக்குலே கங்கையில் பயிற்சி எடுக்கும்போதே கேட்டாராம். வேலைக்கான சிறு கத்திக்குத் தடையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு பஸாருக்குப் போனேன். கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டு, டோர்ச், சாவிக் கொத்து எல்லாம் இருந்தன. கத்தி மட்டும் இல்லை. கேட்டதும் குனிந்து மேசைக்குக் கீழிருந்து ஒரு மட்டைப் பெட்டியை எடுத்தார். "வெளிய வைக்கிற இல்ல சேர், 2019க்குப் பிறகு" என்றார்.

ஆறு ஏழு கத்திகளைத் திறந்து பார்த்து ஒன்றைத் தெரிவு செய்தேன். சிவப்புப் பிடி, ஓர் அலகு, பூட்டு. கூடவே சின்னச் சாணைக் கல் ஒன்றும் எடுத்தேன். பில் கேட்டேன். பேனையை எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஹாட்வெயார் சாமான் எண்டு எழுதவா சேர்?"

"ஏன்?"

"நாளைக்கு ஒரு கேள்வி வந்தா..."

"கேள்வி வந்தா காட்டத்தானே பில். வில்லுக்கத்தி எண்டே எழுதுங்க. என்ட பேரையும் போடுங்க."

அவர் எழுதினார். எழுதும்போது அவர் கை நடுங்கியது என்று சொன்னால் அது பொய். ஆனால் எழுதி முடித்ததும் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை இதை எழுத வைத்தது.

சட்டத்துக்கு உட்பட்ட ஒரு சாமானை நாம் ஒளித்து விற்று, வேறு பெயரில் பில் எழுதி, பேப்பரில் சுற்றி எடுத்துப் போனால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஒளிப்பதே சந்தேகத்தை வளர்க்கிறது. வாள் வேறு, வேலைக் கத்தி வேறு. ஒரு வீட்டில் வாள் எதற்கு என்று கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் பாக்கு சீவுகிற கத்திக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாழ முடியாது.

இன்னொரு கேள்வியும் வரும் என்று தெரியும். "இராணுவத்துக்குப் பரிசு கொடுக்கிறீங்களா?" என்று நம் அயலில் இருக்கும் தமிழ்ச் சகோதரர் ஒருவர் மனம் நோகக் கேட்கலாம். அவர்களுடைய நோவு எனக்குத் தெரியும், அதை நான் மறுக்க மாட்டேன். 1990இல் நம் பள்ளிகளில் விழுந்த ஜனாஸாக்களையும் நான் மறக்கவில்லை. முஸ்லிம்கள் படையில் இருப்பதும் புதிதில்லை. 1996 ஜூலையில் முல்லைத்தீவில் உயிரிழந்து பரம வீர விபூஷண விருது பெற்ற லெப்டினன்ட் கேர்ணல் பஸ்லி லாபிர் ஒரு மலாய் முஸ்லிம். ஆனால் நான் கத்தி கொடுத்தது எந்தப் படைக்கும் இல்லை, எந்தப் போருக்கும் இல்லை. என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருந்த பிள்ளைக்கு. அவர் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, பிறர் சண்டைக்கு நடுவில் நிற்கப் போகிறார்.

அது லேசான வேலை இல்லை. இலங்கைப் படையினர் 2010 முதல் அங்கே இருக்கிறார்கள். 2024 ஒக்டோபரில் நாக்கூராவில் காவல் கோபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த வெடிப்பில் காயப்பட்ட இருவரும் இலங்கையர். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து பிள்ளையின் உம்மா லெபனான் என்ற சொல்லைக் கேட்டாலே பதறுகிறார். அதற்கெல்லாம் ஒரு சின்னக் கத்தி காவலாகாது. அது எனக்கும் தெரியும். பின்னேரம் ஒரு தோடம்பழத்தை உரித்துத் தின்னும்போது ஊர் ஞாபகம் வந்தால் போதும்.

இன்னொன்று. அவர் போகும் தென் லெபனானில் ஜெஸ்ஸீன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பறவைத் தலை வடிவில் பிடி வைத்த கத்திகளுக்குப் பேர்போன ஊர். அங்கே விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் மரியாதைப் பரிசு அது. ஒரே பொருள், ஓரிடத்தில் மரியாதை, இன்னோரிடத்தில் மேசைக்குக் கீழே.

பிள்ளை வந்தபோது மருதமுனைச் சாரன் ஒன்றையும் கத்தியையும் சேர்த்துக் கொடுத்தேன். கத்தியை மடித்தபடியே, பிடிப் பக்கத்தை அவர் பக்கம் வைத்து நீட்டினேன். உறையில்லாத வாளைக் கைமாற்ற வேண்டாம் என்றும், அம்போடு பள்ளிக்கோ சந்தைக்கோ வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை அந்தப் பிள்ளைக்கு ஞாபகப்படுத்தினேன். நம் மார்க்கம் இரும்பை ஒளிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் காயம் வராமல் பிடிக்கச் சொல்கிறது. பில்லையும் கையில் கொடுத்து, "பெட்டிக்குள்ள வச்சிக்கங்க மகன்" என்றேன். அவர் பில்லை வாசித்துப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தரம் அந்தச் சிரிப்பில் பயம் இருக்கவில்லை.

அவருக்கு வாங்கிய அன்றே உம்மாவுக்கும் ஒன்று வாங்கியிருந்தேன், மரப்பிடி. வாப்பாவின் கத்திக்குப் பதிலாகாது. உம்மா திறந்து பார்த்தார், ஒரு பாக்கைச் சீவினார், நல்லாத்தான் இருக்கிறது என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"பில் எடுத்தியா மனெ?"

எடுத்தேன் உம்மா என்றேன். அதையும் வாங்கி, கத்தியோடு சேர்த்துத் தைலாப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

லெபனான் போகும் அந்தப் பிள்ளைக்காகவும் அவருடைய உம்மாவுக்காகவும் துஆச் செய்யுங்கள். கடைக்காரச் சகோதரர்களே, கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எடுத்து வையுங்கள். பெயரைச் சரியாக எழுதுங்கள்.