காமன்சென்ஸ் எந்த செமஸ்டரில்?

மதியம் இரண்டு மணி வகுப்பில் தூங்காதவன் மனிதனே அல்ல. 'எஃகு ஒரு டிகிரிக்கு 10 லட்சத்தில் 12 பங்கு விரியும்' என்று வாத்தியார் போர்டைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் கொட்டாவிக்கு நடுவில் எழுதிக்கொண்டோம். பரீட்சையில் எனக்குப் பத்துக்குப் பத்து!

லீவில் திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில், ஒரு பட்டறையில் ட்ரெயினிங். "தம்பி, அந்த பேரிங்கை ஷாஃப்ட்ல ஏத்து" என்றார் போர்மேன். ஏறவில்லை. சுத்தியலை எடுத்தேன்.

"ஐயையோ, கீழ வைப்பா! அடிச்சா உள்ளே குண்டு ஓடுற பாதை வடுவாயிடும்."

பேரிங்கை எண்ணெய்ச் சட்டியில் போட்டுக் காய்ச்சினார். வடை சுடுகிறாரோ என்று பார்த்தேன். சற்று நேரத்தில் இடுக்கியால் எடுத்து விட்டார். மாப்பிள்ளை விரலில் மோதிரம் மாதிரி வழுக்கிப் போய் உட்கார்ந்தது.

"காமன்சென்ஸ் வேணும் தம்பி!"

ராத்திரி தூக்கம் வரவில்லை. 50 மி.மீ. துளை, 80 டிகிரி கூடுதல் சூடு: 0.048 மி.மீ. விரிவு. அடப்பாவி, நான் பத்து மார்க் வாங்கிய அதே கணக்கு!

மறுநாள் கேட்டேன்: "அண்ணே, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் வயசுல நானும் சுத்தியல்தான் எடுத்தேன். ஒரு பேரிங் போச்சு. அப்புறம் சூடு 120 டிகிரியைத் தாண்டவிட்டு இன்னொண்ணு போச்சு. ரெண்டுக்கும் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க."

ஆக, காமன்சென்ஸ் கூடப் பிறப்பதில்லை. அதுவும் படித்து வருவதுதான். ஃபீஸ் கட்டும் கவுண்ட்டர் வேறு, அவ்வளவுதான்.

வாத்தியாரும் ஒருநாள் எண்ணெய்ச் சட்டியோடு வந்திருக்கலாம். வடைக்காகவாவது முழித்திருப்பேன்.