இரண்டு மொழி, ஒரு புரோகிராம்

கொலிஜில் கொம்பியூட்டர் படிக்கும் பிள்ளை "ஒன்றும் சரிவரவில்லை, பாடத்தை மாற்றப்போகிறேன்" என்கிறான் என நோர்பரியில் சில பெற்றோர் எங்களிடம் கவலைப்பட்டார்கள். ஃபோர்ட்ரானையும் சி மொழியையும் கலந்து புரோகிராம் செய்கிறானாம். எங்களுக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறோம்.

ஃபோர்ட்ரான் 1957இல் வெளிவந்த மொழி. பழசென்று தள்ளாதீர்கள், பிரித்தானிய வானிலை நிலையம் காலநிலை கணிக்க அதைத்தான் பெரிதும் நம்பியிருந்தது, கூடவே கொஞ்சம் சி.

எழுதியதை யந்திர மொழிக்கு மாற்றுவது கொம்பைலர். இரண்டு மொழிக்கும் இரண்டு கொம்பைலர். தனித்தனியே பிழை காட்டாது, பொருத்தும்போதுதான் வில்லங்கம். ஜிஎன்யூ ஃபோர்ட்ரான் கொம்பைலர் பெயரின் கடைசியில் ஒரு கீழ்க்கோடு சேர்த்துவிடும். சி அந்தப் பெயரைத் தேடும், கிடைக்காது. ஃபோர்ட்ரான் 2003இல் வந்த 'பைன்ட் சி' என்பதை எழுதினால் இது தீரும்.

எங்களுக்குப் பயம் மற்றதில்தான். எண் அட்டவணையைச் சி கிடைவரிசையாக அடுக்கும், ஃபோர்ட்ரான் நிலைவரிசையாக அடுக்கும். நட்டுப் பொருந்தாவிட்டால் கையிலே தெரியும். இது பொருந்திவிடும், விடை மட்டும் பிழைக்கும். இரண்டுக்கு மூன்று என்ற சின்ன அட்டவணையை முதலில் அனுப்பி, விடையைத் தாளிலே சரிபார்க்கச் சொல்லுங்கள். பாடம் மாற்றும் கதையைப் பிறகு பார்க்கலாம்.