நந்தினி யாரு மாமா?

2022 செப்டம்பர் 30. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் ரிலீஸ். செங்கல்பட்டுல எங்க தெருவே குடும்பம் குடும்பமா கிளம்பிச்சு. நானும்தான். படம் முடிஞ்சு வர்ற வழியில, பத்தாவது படிக்கற பக்கத்து வீட்டுப் பொண்ணு கேட்டா: "மாமா, இந்த நந்தினி உண்மையில யாரு?"

"புக்ல இருக்கும்மா"ன்னேன். விடுவாளா? "எங்க கிடைக்கும்?"

அடுத்த சனிக்கிழமை ஒரு நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல் மேஜையில பேப்பரும் போட்டித் தேர்வு கைடும். முதல் பாகம் உள் அலமாரியில அடித்தட்டுல. நாலாவது பாகம் வேற அலமாரியில. மத்த மூணும் எங்கன்னு யாருக்கும் தெரியல. ஊரே வந்தியத்தேவனைப் பத்திப் பேசுது, புத்தகம் தூசியில தூங்குது!

என் யோசனை ரொம்ப சிம்பிள். ஒரு கதையைப் படமா எடுத்து வந்தா, அந்த மாசம் வாசல்லயே ஒரு மேஜை போடுங்க. கையால எழுதின ஒரு சார்ட் போதும். 'அசுரன்' (2019) வந்தப்போ பூமணியோட 'வெக்கை'. 'விடுதலை' (2023) வந்தப்போ ஜெயமோகனோட 'துணைவன்' கதை. பைசா செலவில்லை.

"நூலகத்துக்குள்ள சினிமாவா?"ன்னு சில பெரியவங்க முகம் சுளிக்கலாம். ஐயா, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டுன்னு 1931-லயே விதி எழுதி வெச்சவர் நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்த வாசகர் தியேட்டர் வழியா வந்தா என்ன குறைஞ்சு போச்சு?

ஆனா படமான புத்தகத்தை மட்டும் வெச்சா பாதி வேலைதான். அது ரெண்டே நாள்ல போயிடும், அப்புறம் காலி மேஜைதான். பக்கத்துல என்ன வைக்கறோம்கறதுலதான் விஷயமே இருக்கு. அதுக்கு நம்ம மாவட்டத்துல பஞ்சமே இல்லை. படத்துல வர்ற மதுராந்தகர் பேர்ல ஒரு ஊரே இங்க இருக்கு. ஆதித்த கரிகாலனும் மலையமானும் பார்த்திபேந்திரனும் உட்கார்ந்து பேசறது, நாவல்ல மாமல்லபுரத்துலதான். 'சிவகாமியின் சபதம்' எழுதற எண்ணமே, அதே கடற்கரையில டி.கே.சி.யோட இருந்தப்போ வந்ததா கல்கியே சொல்லியிருக்கார். அதை வைங்க, 'பார்த்திபன் கனவு' வைங்க, பல்லவர் சோழர் வரலாறு வைங்க. படம் பார்த்துட்டு வந்த பிள்ளை, அடுத்த ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் போய்ச் சிற்பத்தை வேற கண்ணால பார்க்கும்.

சுதந்திர இந்தியாவுலயே முதல்ல, 1948-ல, பொது நூலகச் சட்டம் போட்டது நாம. சொத்து வரியோட நூலக வரியும் கட்டறோம். அந்தக் காசுல வாங்கின புத்தகம் கண்ணுல படணுமா வேணாமா?

அந்தப் பொண்ணு முதல் பாகத்தை நாலே நாள்ல முடிச்சுட்டா. ரெண்டாம் பாகம் கடைசி வரைக்கும் கிடைக்கல. கல்கி எழுத்து 1999-லயே நாட்டுடைமை ஆச்சே, இணையத்துல இலவசமா இருக்கு. மிச்சத்தைப் போன்லயே படிச்சு முடிச்சா. எனக்கு சந்தோஷம்தான். ஆனா நந்தினியைத் தேடி நூலகம் வரைக்கும் வந்த ஒரு வாசகியைக் கோட்டை விட்டுட்டோமே!

ஒரே ஒரு மேஜை. அவ்வளவுதான் கேக்கறேன். என்ன சொல்றீங்க?