மடிப்பும் ஓர் அமானிதமே



பெருநாள் நெருங்கிவிட்டால் பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சுவருக்குப் பூச்சு, நிலத்துக்கு மெருகு, ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை. புடவைக் கடையில் ஒரு மணி நேரம் நின்று துணி தெரிவு செய்கிறோம். ஆனால் தைத்துத் தொங்கவிட்ட பின்னர் பார்த்தால், ஒரு பக்கம் மடிப்புகள் கொத்தாகக் குவிந்திருக்கின்றன. மறுபக்கம் துணி விறைத்து நிற்கிறது. அடிக்கரை ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. "துணி சரியில்லை" என்று கடைக்காரர் மீதும், "தையல் சரியில்லை" என்று தைத்தவர் மீதும் பழி போடுகிறோம்.

ஜன்னல் சீலையின் மடிப்பைப் பற்றி எழுதுவதும் ஒரு மௌலவியின் வேலையா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆம், சகோதரிகளே! திரை என்பது நம் மார்க்கத்தில் சிறிய விடயமல்ல.

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்கும்படி ஸூரத்துந் நூர் நமக்குக் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் ஒருவர் கதவின் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது அண்ணலார் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உண்டு. ஆரம்ப காலத்தில் மக்களின் வீடுகளில் திரைகள் இருக்கவில்லை என்றும், பின்னர் அல்லாஹ் வசதியைக் கொடுத்தபோது திரைகளையும் கொடுத்தான் என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அப்படியானால் திரைச்சீலை வெறும் அலங்காரமல்ல. அல்லாஹ்வின் ஒரு நிஃமத்.

இதன் அருமை நம் ஊவா மாகாணத் தோட்டப்புறங்களில் வாழ்வோருக்கு நன்கு விளங்கும். பசறை, நமுனுகுலை, அப்புத்தளைப் பக்கத்து லயன்களைப் பாருங்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்த காலத்துக் கட்டடங்கள் பல இன்றும் நிற்கின்றன. சுமார் 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளேதான் சமையல், உறக்கம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம். ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி அடுத்தவர் நடக்கும் பாதை. அங்கே ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பது சுவரல்ல. ஒரு துண்டுச் சீலைதான். தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் நம் சகோதரிகளும், தோட்டத்துக் கடைகளோடு சேர்ந்த சிறு வீடுகளில் வாழும் நம் குடும்பங்களும் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

மடிப்பு சீராக இருக்க வேண்டியதன் காரணமும் இதுவே. துணி ஒரு பக்கம் குவிந்தால் மறுபக்கம் மெல்லியதாகிவிடும்; ஓரத்தில் இடைவெளி விழும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் மெல்லிய துணியும் மறைப்பாகத் தோன்றும். இரவில் உள்ளே மின்குமிழ் எரிந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது நிழலாட்டம் போலத் தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் விளக்கை ஏற்றிவிட்டு வெளியே நின்று உங்கள் ஜன்னலை நீங்களே பாருங்கள்.

இனி, மடிப்பைச் சீராக அமைப்பது எப்படி என்று பார்ப்போம். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் ஊரில் வீட்டிலிருந்தே தைக்கும் ஒரு தாய். அவரைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

முதலாவது, பருத்தித் துணியை வெட்டுமுன் கழுவிக் காயவையுங்கள். தைத்த பின் கழுவினால் அது சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் சுருங்காது. காய்ந்ததும் இஸ்திரி போட்டு, குறுக்கே ஒரு நூலை உருவி, அந்தத் தடத்தின் வழியே வெட்டுங்கள். கடையில் கிழித்துக் கொடுத்த ஓரத்தை நம்பி வெட்டினால் துணி கோணலாகத் தொங்கும். பிறகு எந்த மடிப்பும் நேராக விழாது.

இரண்டாவது, கணக்கு. 4 அடி அகல ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 48 அங்குலம். கம்பி இரு பக்கமும் 4 அங்குலம் வெளியே நீளட்டும், மொத்தம் 56. இரண்டு சீலைகள் என்றால் ஒன்றுக்கு 28. நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க 2 அங்குலம் சேர்த்தால், தைத்து முடிந்த சீலையின் தலைப்பு 30 அங்குலம் இருக்க வேண்டும். 60 அங்குல அகலத் துணி கழுவிய பின் 58 ஆனது என்றால், இரு ஓரங்களையும் ஓர் அங்குலம் வீதம் இரட்டையாக மடித்துத் தைக்க 4 அங்குலம் போகும். மிச்சம் 54. இதிலிருந்து 30ஐக் கழித்தால் 24. இந்த 24 அங்குலமும் மடிப்புக்குள் போக வேண்டிய துணி. ஆறு மடிப்பு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சரியாக 4 அங்குலம்.

ஆறு மடிப்புக்கு நடுவே ஐந்து இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியும் 5 அங்குலம் என்றால் 25. இரு ஓரத்திலும் இரண்டரை வீதம் 5. ஆக 30. கணக்கு நேராகிவிட்டது. ஓரத்தில் இரண்டரை, பிறகு மடிப்புக்கு 4, இடைவெளிக்கு 5, மீண்டும் 4, மீண்டும் 5 என்று சோக்குக்கட்டியால் அடையாளமிட்டுச் சென்றால் கடைசியில் இரண்டரை மீதமாக வேண்டும். மீதமாகாவிட்டால் எங்கோ தவறியிருக்கிறீர்கள், ஊசியை எடுக்காதீர்கள். ஒவ்வோர் அடையாளத்தையும் முதல் ஓரத்திலிருந்தே அளந்து வையுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்து போனால், ஒவ்வொரு முறையும் விடும் கால் அங்குலப் பிழை சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒன்றரை, இரண்டு அங்குலமாகிவிடும்.

அந்த 4 அங்குலத்தை இரண்டாக மடித்து, தலைப்பில் வைத்த பக்ரத்தின் உயரத்துக்குத் தைத்துவிட்டு, நிற்கும் மடியை மூன்று சிறு மடிப்பாகப் பிரித்து அடியில் ஒரு தையல் போடுங்கள். கொக்கிகள் எல்லாம் மேல் ஓரத்திலிருந்து ஒரே தாழ்வில் இருக்க வேண்டும். ஒரு கடதாசி மட்டையில் அந்த அளவை வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொக்கிக்கும் அதையே வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, நீளம். பழைய வீடுகளில், விசேடமாக லயன்களில், நிலமும் ஜன்னல் அடிக்கட்டையும் மட்டமாக இருப்பதில்லை. ஆகவே கம்பியிலிருந்து கீழே மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். அடிக்கரையை உடனே தைக்க வேண்டாம். இரண்டு நாள் தொங்கவிட்டால் துணி தன் பாரத்தில் இறங்கி நிற்கும். அதன் பின் மட்டம் பார்த்து மடித்துத் தையுங்கள்.

நான்காவது, தொங்கவிட்டதும் மடிப்புகளைக் கையால் மேலிருந்து கீழாக நீவிவிட்டு, மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் மெல்லிய துணி நாடாவால் தளர்வாகக் கட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். அவிழ்த்த பின் துணி அந்த மடிப்பிலேயே பழகி நிற்கும்.

கம்பிக்குப் பதிலாகச் சுருள் கம்பி கட்டும் வீடுகள் நம்மிடையே அதிகம். அது நாளடைவில் நடுவில் தொய்ந்து, துணி முழுவதும் நடுவே வழுக்கி வந்துவிடும். ஜன்னல் அகலத்தை விடச் சற்றுக் குட்டையாக வெட்டி இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒரு கொக்கி அடித்து அதைத் தாங்க வையுங்கள். சீலையின் தலைப்பை நான்காக மடித்து அடையாளமிட்டு, ஜன்னலின் நான்கு கால் பங்கிலும் அதைப் பொருத்திச் சுருக்கைப் பரப்பினால், செலவில்லாமலே சீராக நிற்கும்.

நம் பிரதேசத்துக் காலநிலையையும் மறக்கக் கூடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே வரண்ட காற்றுத்தான் நம் ஜன்னல் சீலைகளையும் அடித்துக் கலைக்கிறது. அடிக்கரையை நான்கு அங்குலம் இரட்டையாக மடித்தால் பாரம் கூடி, சீலை பறக்காது. ஆண்டிறுதி மழைக் காலத்தில் ஈரம் ஏறி மடிப்புத் தளரும், பூஞ்சணமும் பிடிக்கும். வெயில் அடிக்கும் நாளில் கழற்றிக் காயப்போடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பின் ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். ஆயிஷா (ரழி) அவர்கள் உருவப்படங்கள் உள்ள ஒரு சீலையைத் தொங்கவிட்டிருந்தபோது, பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதை அகற்றினார்கள். அத்துணி பின்னர் தலையணையாக்கப்பட்டது. கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்த அல்லாஹ் நமக்கு ஏவவில்லை என்ற கருத்தும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. மறைப்புக்கு வேண்டிய சீலை வேறு. பெருமைக்காகச் சுவரை மூடும் சீலை வேறு. தம் அன்பு மகள் ஃபாத்திமா (ரழி) அவர்களின் வாசலில் வேலைப்பாடுள்ள திரையைக் கண்ட அண்ணலார் உள்ளே வராமல் திரும்பிச் சென்றார்கள். அதைத் தேவையுள்ள ஒரு குடும்பத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியபோது, உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். அத்தகைய ஓரிடத்தில் உடை மாற்ற ஒரு மறைப்பில்லாமல் பெண்கள் படும் பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். புதுச் சீலை மாட்டும்போது, கிழியாத பழைய சீலையைக் கழுவி மடித்து, ஜன்னலில் சாக்குத் துணி தொங்கும் ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரியே.

இப்போது அந்தத் தாயின் விடயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கிய போது, என் வகுப்புப் பிள்ளைகளிடம் பெருநாள் உடுப்பைப் பற்றி விசாரித்தேன். ஒரு பிள்ளை மட்டும் தலை குனிந்து நின்றாள். "எங்கட உம்மா ஏழு வீட்டுக்குக் கேட்டின் தைச்சவ, மௌலவி. ரெண்டு வீட்டில்தான் காசு தந்தாங்க. மத்தவங்க பெருநாள் முடியட்டும் என்டாங்க" என்றாள்.

சகோதரிகளே, காசு கொடுக்காத அந்த ஐந்து வீடுகளில் ஒன்று என் வீடு. "சம்பளம் வரட்டும், தாத்தா" என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நான், அந்தச் சீலை தொங்கிய ஜன்னலின் கீழிருந்து வட்டிலப்பம் சாப்பிட்டேன்.

அன்று மாலையே மனைவியுடன் சென்று காசைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் குறை சொல்லவில்லை. பேச்சுக்குப் பேச்சாக, "உங்கட சீலையில மடிப்பெல்லாம் சரியா வந்ததா, மௌலவி?" என்றுதான் கேட்டார். அப்போதுதான் மேலே எழுதிய கணக்கை எல்லாம் ஒரு பழைய கொப்பியில் காட்டினார். கடைசியில் ஒன்று சொன்னார்: "மடிப்புக்கு நாலு அங்குலம் வைக்கிற இடத்துல மூணு வைச்சா ஒருத்தருக்கும் விளங்காது. சீலைக்கு ஆறு அங்குலத் துண்டு மிஞ்சும். பிள்ளைட கவுனுக்குக் கரை கட்டலாம். ஆனா அது என்ட துணி இல்லையே."

அளவில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று ஸூரத்துல் முதஃப்பிஃபீன் எச்சரிப்பது, தராசு பிடிக்கும் கடைக்காரருக்கு மட்டுமா? இல்லை. அளவு நாடா பிடிக்கும் கைக்கும் அது பொருந்தும். தன் உரிமையை முழுதாக எடுத்துவிட்டுப் பிறர் உரிமையைக் குறைத்துக் கொடுப்பவரைத்தான் அந்த ஸூரா கண்டிக்கிறது. முழு மடிப்பையும் வாங்கிக்கொண்டு கூலியைப் பிந்தவிட்ட நான் எந்தப் பக்கத்தில் நின்றேன் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஆகவே என் சகோதரிகளே, வீட்டிலிருந்து தைப்பவர்களாக நீங்கள் இருந்தால், மடிப்பில் துணியைக் குறைக்காதீர்கள். மிஞ்சிய துண்டைச் சீலையோடு சேர்த்துக் கொடுங்கள். தைக்கக் கொடுப்பவர்களாக இருந்தால், கூலியை முதலிலேயே பேசி, துணியை வாங்க வரும்போதே காசோடு வாருங்கள். பெருநாளுக்கு முதல் நாள் உங்கள் ஜன்னலைப் பார்த்து மகிழுமுன், அதைத் தைத்தவரின் வீட்டு அடுப்பையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளின் மானத்தையும், நம் கைகளின் அளவையும், நம் கொடுக்கல் வாங்கலையும் வல்ல அல்லாஹ் சீராக்கி வைப்பானாக. ஆமீன்.