விண்வெளியைக் கலாய்க்க நமக்கு என்ன தயக்கம்?

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் பஸ் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம்தான். இந்தியாவிலிருந்து முதல் விண்வெளி ராக்கெட் 1963-இல் கிளம்பிய தும்பா அங்கேதான் இருக்கிறது. இஸ்ரோ தலைவர் பதவிக்கு வந்த சிவனும் நாராயணனும் குமரி மாவட்டக்காரர்கள். ஆனாலும் விண்வெளிக் கதைகளைக் கலாய்க்கும் ஒரு தமிழ்ப் படத்துக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் இயக்குநர் மிஷாயேல் ஹெர்பிக் 2004-லேயே 'ஸ்டார் ட்ரெக்', 'ஸ்டார் வார்ஸ்' இரண்டையும் சேர்த்துக் கிண்டலடித்தார். 'ட்ரௌம்ஷிஃப் சர்ப்ரைஸ்' என்ற அந்தப் படத்தை 90 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். எல்லை தாண்டினால் மலையாளத்தில் 2024-இல் 'ககனசாரி' வந்துவிட்டது: வருங்காலக் கேரளம், ஒரு பிளாட், அங்கே வந்து சேரும் வேற்றுகிரகப் பெண். நம் நாயகர்களையே 'தமிழ்ப்படம்' 2010-இல் ஓட்டியது, மக்கள் ரசித்தார்கள். கிராபிக்ஸுக்குப் பணமில்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பகடிக்கு அட்டை ராக்கெட்டே போதும், வசனம் கூர்மையாக இருந்தால்.