18 வயதுக்குப் பிறகும் எங்கள் நெஞ்சைக் கேளுங்கள்

தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, பிறவி இதயக் குறையோடு பிறந்து, வளர்ந்து ஆளான பின்னரே அதை அறிந்துகொண்டவர்களும் எங்கள் குடும்பத்தாரும் வைக்கும் கோரிக்கைகள்.

எங்களில் ஒருவர் வீசிங் என்று சொல்லப்பட்டுப் பல ஆண்டுகள் இன்ஹேலர் இழுத்தார். இன்னொருவரை ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாங்களும் சந்தேகப்படவில்லை. பிறந்ததிலிருந்தே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியவருக்கு, மூச்சு வாங்காமல் ஏறுவது எப்படியிருக்கும் என்று தெரியாது. அதனால் "மூச்சுத் திணறல் உண்டா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்போம். "கூட நடப்பவர்களுக்கு ஈடுகொடுக்க முடிகிறதா? பள்ளியில் ஓடினீர்களா?" என்று கேளுங்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான். இதற்குச் செலவே இல்லை.

உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 அல்லது 9 பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் 18 வயது வரை பார்க்கிறது. நல்ல திட்டம். ஆனால், அந்தத் திட்டம் வரும் முன்பே பள்ளியை விட்டு வந்தவர்களை யார் பார்ப்பது? 1953இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முதலாக வெற்றிகரமாக அடைத்த மேலறை ஓட்டை, 18 வயதுப் பெண் ஒருவருடையது. இதைக் குழந்தைகளின் நோய் என்று ஒதுக்க அன்றே இடமில்லை.

மேலறைச் சுவரில் உள்ள ஓட்டை சத்தம் போடாத குறை. இரண்டாம் இதய ஒலி பிளந்து கேட்பதும், மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்தப் பிளவு மாறாதிருப்பதும் பொறுமையாகக் கேட்கும் காதுக்கே பிடிபடும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்தப் பொறுமைக்கு நேரம் ஒதுக்குங்கள். எக்கோவில் வலது கீழறை பெருத்திருந்து காரணம் தெரியாவிட்டால், ரிப்போர்ட்டை அங்கேயே முடித்துவிடக் கூடாது. மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே உள்ள ஓட்டை சாதாரண எக்கோவில் எளிதில் தப்பிவிடும். குலுக்கிய உப்புநீரை நரம்பில் செலுத்திப் பார்க்கும் பபிள் எக்கோவும், உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோவும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவரும் மாவட்டத்திலேயே வேண்டும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறது. இளம் வயதில் பிரஷர் ஏறியிருந்தால், மாத்திரையோடு நிறுத்தாமல் தொடை இடுக்கில் நாடி பிடித்துப் பார்க்கவும், காலிலும் பிரஷர் எடுக்கவும் உத்தரவிடுங்கள். கையில் உயர்ந்தும் காலில் தாழ்ந்தும் இருந்தால் பெருந்தமனிச் சுருக்கமாக இருக்கலாம்.

கர்ப்பிணிகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறோம். ஓட்டையை நெடுங்காலம் கவனிக்காமல் விட்டதால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகி, ரத்தம் திசை மாறி, உதடு நீலம் பாய்ந்த பெண்ணுக்குக் கர்ப்பமே உயிராபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியும் முதல் நாளே விரலில் ஆக்ஸிஜன் மானியை மாட்டுங்கள். நெஞ்சில் கேட்கும் முணுமுணுப்பைக் கர்ப்பத்தில் இயல்பு என்று தள்ளும் முன் ஒரு எக்கோ எடுங்கள்.

"ஹோல்" என்ற சொல் ஊருக்குள் பரவினால் மகளின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து பெற்றோர் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறார்கள். முடிவை வரிசையில் நிற்பவர்கள் காதில் விழச் சொல்லாதீர்கள். தனி அறையில், முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.